மேரன் இறங்கவில்லை

நிஷாந்தினி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் பதினெட்டு வருடங்களாக மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்திலும், நீதிபதி சிங்களத்தில் சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழிலும் சொல்ல வேண்டும். தூஷணம் சொன்னால் தூஷணத்தையே சொல்ல வேண்டும். ஒருவர் தன் தம்பியைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, பிறகு வெட்கப்பட்டு அவள் முகத்தைப் பார்த்தாலும் அதை மென்மையாக்கக் கூடாது. அவள் மென்மையாக்கியதில்லை. சட்டத்தரணிகள் மத்தியில் அவளுக்கு இருந்த நல்ல பெயர் அதற்காகத்தான்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். கணவர் கஜேந்திரனும் துறைமுகத்தில்தான், சாமான் விடுவிக்கும் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். நாற்பத்து நான்கு வயது, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் கறுப்புப் பை. இவளுக்கு விண்வெளிப் படங்கள் என்றால் பைத்தியம் என்று நீதிமன்றத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தவள் ஒருத்திதான். அவள் வெள்ளவத்தையில் இருந்தாள்.

ஹம்சிகாவை அவள் முதன்முதலில் பார்த்தது இரண்டாயிரமாம் ஆண்டு, ஒரு திரையரங்கின் வாசலில். ஆங்கிலப் படம். பிற்பகல் காட்சிக்குத் தனியாக வந்த பெண்கள் அன்று இரண்டே பேர். வாசலில் பைகளையும் அடையாள அட்டைகளையும் சோதித்த பொலிஸ்காரர் இருவருடைய தமிழ்ப் பெயர்களையும் வாசித்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். எங்கே இருக்கிறீர்கள், யார் வீட்டில், கொழும்புக்கு எப்போது வந்தீர்கள் என்ற கேள்விகள் முடிய இருபது நிமிடம் போயிற்று. உள்ளே போனபோது படம் தொடங்கிவிட்டது. இருட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்த கதிரைகளில் உட்கார்ந்தார்கள். இடைவேளையில் ஹம்சிகாதான் முதலில் பேசினாள். அந்தக் கலம் ஏன் வழி தவறியது என்று தொடக்கத்தில் சொல்லியிருப்பார்கள், அதைத் தவறவிட்டது தனக்கு ஆத்திரமாக இருக்கிறது என்றாள். அடுத்த வாரம் அந்த முதல் இருபது நிமிடத்துக்காகவே இருவரும் மறுபடியும் போனார்கள். இந்த முறை ஒரு மணி நேரம் முன்னதாகவே வாசலில் நின்றார்கள்.

படத்தின் ஆங்கிலப் பெயர் நீளமானது. தங்களுக்குள் அதை அவர்கள் ‘கலம்’ என்றார்கள். நாலாயிரம் பேரை உறக்கத்தில் வைத்து வேறொரு உலகத்துக்குக் கொண்டுபோகும் ஒரு பழைய கப்பலின் கதை. கப்டன் இருந்தார், அழகான விமானி இருந்தான், எதிரிகள் இருந்தார்கள். ஆனால் இவர்கள் இருவருக்கும் பிடித்தது மேரன். மேரன் அந்தக் கப்பலின் திருத்துநர். முதல் படத்தில் அவளுக்கு நாலே வசனம். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு, யாரும் பார்க்காத அடித்தளத்தில், சுவரைத் திருகுசாவியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். எங்கே பழுது என்று தெரிந்துவிடும். ஏனைய எல்லாரும் அந்தக் கப்பலில் பயணம் செய்தார்கள். மேரன் மட்டும்தான் அதில் வேலை செய்தாள் என்பது ஹம்சிகாவின் கணிப்பு.

அதோடு சேர்த்து இருபத்து நான்கு வருடங்களில் மொத்தம் ஆறு படங்கள் வந்தன. இரண்டாவது குப்பை. பறக்கும் மிருகங்களெல்லாம் வந்தன. படம் முடிந்ததும் ஹம்சிகா தெருவென்றும் பாராமல் திட்டிக்கொண்டே பஸ் தரிப்பிடம் வரை நடந்தாள். மூன்றாவது வந்தபோது யுத்தத்தால் நிலைமை சரியில்லை, வெளியே போக வீட்டில் விடவில்லை. ஹம்சிகாவுக்குத் திருமணமாகி மிதுனா பிறந்திருந்தாள். திருட்டு இறுவட்டு ஒன்றைக் கொண்டுவந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். யாரோ திரையரங்கில் ஒளித்துவைத்து எடுத்தது. முக்கியமான இடத்தில் ஒரு மனிதர் எழுந்து குறுக்கே போனார். அவர் திரும்பி வருவதையும் பார்த்தார்கள். நான்காவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதை மூன்று தரம் பார்த்தார்கள். அதில் நாற்பது நிமிடம் மேரன் தனியாக ஒரு குழாய்க்குள் ஊர்ந்து போகிறாள். வேறொன்றும் நடக்காது. திரையரங்கில் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். இவர்கள் இருவரும் ஒருவர் கையை மற்றவர் பிடித்தபடி இருந்தார்கள்.

ஹம்சிகா உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிப்பவள். படத்தில் சொல்லும் வேகத்தையும் தூரத்தையும் ரிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் கணக்குப் பார்த்து, எழுத்தாளருக்குக் கூட்டல் தெரியாது என்று நிரூபிப்பாள். நிஷாந்தினிக்குக் கணக்கு வராது. அவளுக்குப் பிடித்தது அந்த நிசப்தம். நாள் முழுவதும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, கப்பலுக்கு வெளியே காட்டும்போது ஒலியே இல்லாமல் போகும் அந்த இடங்கள் குளித்த மாதிரி இருக்கும். படத்துக்குப் படம் மேரனாக நடித்தவளுக்கும் வயதேறியது. ஐந்தாவதில் அவளுக்கு முழங்கால் வலி. இவர்களுக்கும் அப்போது முழங்கால் வலி தொடங்கியிருந்தது.

ஆறாவதுதான் கடைசி என்று அறிவித்தார்கள். அது வருவதற்கு நாலு மாதம் முன்பு ஹம்சிகாவின் கழுத்தில் கட்டி கண்டார்கள்.

நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அனுமதித்தார்கள். முதல் சுற்று மருந்து எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை. நிஷாந்தினி புதன்கிழமைகளில் நீதிமன்றம் முடிந்தும், சனிக்கிழமைகளில் மத்தியானமும் போவாள். ஹம்சிகா தலைமுடி போய், வாயெல்லாம் புண்ணாகி, ஐஸ் கட்டியை உறிஞ்சிக்கொண்டு படுத்திருப்பாள். படம் வெளியான வாரத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“எனக்காக நில். நான் வெளியில வந்தாப்பிறகு ரெண்டு பேரும் சேந்து போவம்.”

நிற்கிறேன் என்றாள் நிஷாந்தினி.

மூன்று வாரம் நின்றாள். நான்காவது வாரம், வார்டுக்கு வெளியே, ஹம்சிகாவின் கணவர் சிவானந்தன் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். வங்கியில் வேலை செய்பவர், அளந்து பேசுகிற மனிதர். டொக்டர் பெரிதாக நம்பிக்கை தரவில்லை என்றார். இன்னொரு மருந்து இருக்கிறதாம், கொடுத்துப் பார்ப்பார்களாம், ஆனால் குடும்பத்தவர்கள் ஆயத்தமாக இருப்பது நல்லதாம். அதை ஹம்சிகாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நிஷாந்தினி தலையசைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு வழக்கு, சட்டத்தரணி வராததால் பதினொரு மணிக்கே ஒத்திவைக்கப்பட்டது. அன்று அவளுக்கு வேறு வழக்கு இல்லை. படம் இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். ‘இன்று கடைசி’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்தத் தாளின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாள். ஹம்சிகா இனி எங்கே வரப்போகிறாள் என்று அவள் மனம் சொன்னது. தெளிவாக, அந்தச் சொற்களிலேயே சொன்னது. அவள் ரிக்கெட் வாங்கினாள்.

உள்ளே பத்துப் பதினொரு பேர். பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்தாள்.

படம் நன்றாக இருந்தது. அதுதான் பின்னால் அவளை அதிகம் வதைத்தது. கப்பல் கடைசியாக அந்த உலகத்தை அடைகிறது. உறங்குகிற நாலாயிரம் பேர் இருக்கும் பகுதியைக் கழற்றி இறக்க வேண்டும். அந்தப் பூட்டைப் பழைய கப்பலின் பக்கத்திலிருந்துதான் திறக்க முடியும். யாரோ ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். மேரன் நிற்கிறாள். யாரும் அழுவதில்லை, யாரும் நீளமாகப் பேசுவதில்லை. பூட்டைத் திறக்கிறாள், மற்றப் பகுதி விலகிப் போகிறது, அந்த உலகம் யன்னலில் ஒரு சின்ன வெளிச்சமாகிறது. மேரன் திரும்பி நடந்து அடித்தளத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு குழாய் மூட்டு ஒழுகிக்கொண்டிருக்கிறது. இனி அந்தக் கப்பலில் அவளைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் சாவியை எடுத்து அந்த மூட்டை இறுக்கத் தொடங்குகிறாள். அத்தோடு படம் முடிகிறது.

நிஷாந்தினி அழுதாள். இருபத்து நான்கு வருடம் பின்தொடர்ந்த ஒன்று இவ்வளவு நேர்மையாக முடிந்ததே என்ற சந்தோஷத்தில் அழுதாள். வெளியே வந்து வெயிலில் கண் கூசியபோதுதான், இரண்டரை மணி நேரம் ஹம்சிகாவின் நினைவே வரவில்லை என்பது உறைத்தது. அதன்பிறகு கொட்டாஞ்சேனை வரும்வரை பஸ்ஸில் வேறெந்த நினைவும் வரவில்லை. யன்னலில் சின்னதாகப் போன வெளிச்சமும், பின்னால் நின்றவளும், மகரகமவில் படுத்திருப்பவளும் ஒன்றாகவே தெரிந்தார்கள்.

சனிக்கிழமை, பார்க்கவில்லை என்று சொல்வதாகத்தான் போனாள். ஹம்சிகா அவள் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்திட்டாய், என்ன?”

“வியாழக்கிழமை பார்த்தேன். கடைசி நாள்னு போட்டிருந்தாங்க.”

ஹம்சிகா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்ணுக்குத் தாதி மருந்து கொடுத்துவிட்டுப் போகும்வரை திறக்கவில்லை. பிறகு, சரி, சொல் என்றாள்.

நிஷாந்தினி சொன்னாள். ஒரு காட்சியும் விடாமல் வரிசையாகச் சொன்னாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. கப்பல் அந்த உலகத்தைச் சுற்றி வந்ததையும், பூட்டுப் பிரச்சினையையும் சொல்லி அந்த இடத்துக்கு வந்தாள். அங்கே கொஞ்சம் நின்றுவிட்டாள்.

“மேரன்?” என்றாள் ஹம்சிகா.

ஐஸ் கட்டி வைத்திருந்த கிண்ணத்தை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் எலும்பு தெரிந்தது.

“இறங்கிட்டா,” என்றாள் நிஷாந்தினி.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. கப்டன் பின்னால் நின்றுவிட்டார் என்றாள். மேரன் எல்லாரோடும் இறங்கினாள், அந்த மண் சிவப்பாக இருந்தது, முதல் வேலையாகச் சப்பாத்தைக் கழற்றினாள் என்றாள். பிறகு குனிந்து, கப்பலின் சுவரைத் தட்டுவது போல, அந்த நிலத்தைச் சாவியால் தட்டிப் பார்த்தாள் என்றாள்.

“தட்டிப் பாத்தவளோ?”

“ம். மூணு தரம்.”

ஹம்சிகா கிண்ணத்தைக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தாள். நல்லது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் நிம்மதியாகிவிட்டாள் என்று நிஷாந்தினி நினைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து கஜேந்திரனிடம் சொன்னாள். நல்லதுதானே செய்தாய், சாகப்போகிறவளிடம் வேறென்ன சொல்வது என்றார் அவர். அதைக் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்தடுத்த புதன்களிலும் சனிகளிலும் அவள் அந்த நிலத்தைப் பற்றியே சொன்னாள். இறங்கியவர்கள் வீடு கட்டியதைச் சொன்னாள், மேரனுக்குக் கிணறு வெட்டும் வேலை கொடுத்ததைச் சொன்னாள், அங்கே பகல் முப்பது மணி நேரம் என்றாள். படத்தில் இதெல்லாம் இருந்ததா என்று ஹம்சிகா ஒருநாள் கேட்டபோது, முடிவில் நீளமாகக் காட்டினார்கள் என்றாள். ஹம்சிகா கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றுபோகும் அந்த மணி நேரங்களை நிரப்ப அது உதவியது.

அதே வாரங்களில் நீதிமன்றத்தில் அவள் வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஒருநாள் ஒரு கிழவரிடம் அவருடைய மகனுக்கு ஏழு வருடம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வருடம் என்று சொன்னாள். அன்று மாலை மகரகமவில் உட்கார்ந்து கிணற்றில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னாள்.

இரண்டாவது மருந்து வேலை செய்தது. முதலில் யாரும் நம்பவில்லை. கட்டிகள் சுருங்கின, காய்ச்சல் நின்றது, ஐந்தாம் மாதம் எடுத்த ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றார்கள். சிவானந்தன் தொலைபேசியில் சொல்லும்போது அழுதார். நிஷாந்தினி நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து அழுதாள். அந்த அழுகையின் அடியில், இவள் இனி அந்தப் படத்தைப் பார்ப்பாளே என்ற பயம் இருந்தது. அப்படியொரு பயம் வந்ததற்காகவும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

ஹம்சிகா வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்குத் திரும்பிய வாரம், நிஷாந்தினி மிதுனாவைத் தனியாகப் பிடித்தாள். மிதுனா பத்தொன்பது வயது, கம்பஸில் முதல் வருடம். அம்மா இப்போதைக்கு அந்தப் படத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொள் என்று எப்படிச் சொல்வது என்று தடுமாறினாள். மிதுனா அவளை இடைமறித்தாள்.

“எனக்குத் தெரியும் அன்ரி. நான் முதல் கிழமையே ஃபிரெண்ட்ஸோட பாத்தனான். மேரன் இறங்கினவள் எண்டு அம்மா எனக்குச் சொல்லேக்க நான் ஒண்டும் சொல்லேல்லை.”

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு, படம் இங்கே இணையத்தில் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். தாயிடம் பொய் சொல்லச் சொல்லி ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறோம் என்பது படிக்கட்டில் இறங்கும்போதுதான் நிஷாந்தினிக்குப் புரிந்தது. திரும்பிப் போய் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் அது ஓடியது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் மிதுனாவின் மடிக்கணினியில் ஹம்சிகாவே தேடி எடுத்துப் பார்த்துவிட்டாள். மத்தியானம் நிஷாந்தினியின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘வீட்டை வா’ என்று மட்டும் இருந்தது.

சிவானந்தன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஹம்சிகா பல்கனிப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். முடி ஒரு விரலளவு வளர்ந்திருந்தது. கீழே ரயில் ஒன்று போகும்வரை பொறுத்திருந்தாள்.

மன்னித்துக்கொள் என்று தொடங்கினாள் நிஷாந்தினி. நீ கஷ்டப்படக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன் என்றாள். ஹம்சிகா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மேரன் செத்தது எனக்குப் பிரச்சினை இல்லை. சரியான முடிவு. நீ என்னைப் பாத்து, இவள் இனி இதைப் பாக்கப்போறேல்லை எண்டு முடிவெடுத்தனி. அதாலதான் துணிஞ்சு சொன்னனி. நான் எழும்பி வருவன் எண்டு நினைச்சிருந்தா அப்பிடிச் சொல்லியிருப்பியோ?”

நிஷாந்தினி சொல்லியிருக்க மாட்டாள். அது உண்மை.

“இன்னொண்டும் இருக்கு. நான் ஏன் கேட்டனான் எண்டு உனக்குத் தெரியுமா? அவள் சாவாள் எண்டு எனக்கு அஞ்சாவது படத்திலயே தெரியும். அங்க ஒருத்தரும் என்னோட சாவைப் பற்றிக் கதைக்கேல்லை. இவரும் இல்லை, டொக்டரும் இல்லை, பிள்ளையும் இல்லை. மேரனைப் பற்றிக் கதைக்கிற சாட்டில உன்னோட கதைக்கலாம் எண்டு நினைச்சனான். நீ சிவப்பு மண்ணைப் பற்றிச் சொன்னாய். பிறகு கிழமைக்கு ரெண்டு நாள் வந்து கிணறு வெட்டினாய். நான் கேட்டுக்கொண்டு கிடந்தனான். வேற என்ன செய்யிறது?”

அவள் குரல் உயரவில்லை. களைப்பாக இருக்கிறது, படுக்கப் போகிறேன் என்று எழுந்தாள். நிஷாந்தினி படியிறங்கி வந்து, பஸ்கள் போய்வரும் காலி வீதியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

அதன்பிறகு ஏழு வாரம் இருவரும் பேசவில்லை. நிஷாந்தினி நீளமான செய்திகளைத் தட்டுவாள், அனுப்பாமல் அழிப்பாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த அந்த முதுகு அவளுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டோமே என்று நினைக்கும்போதெல்லாம், பஸ்ஸிலானாலும் அடுப்படியிலானாலும், உடம்பு கூசியது. மனிதர்கள் சொல்வதை விளங்கிச் சொல்வதற்கு அரசாங்கம் அவளைத்தான் வேலைக்கு வைத்திருந்தது.

எட்டாவது வாரம் ஹம்சிகாவிடமிருந்து செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை ஸ்கான், இவருக்கு லீவு இல்லை, வருகிறாயா என்று கேட்டிருந்தாள். நிஷாந்தினி லீவு போட்டாள்.

ஸ்கான் எடுக்கும் இடத்தில் நீண்ட வரிசை. பிளாஸ்டிக் கதிரைகளில் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். முதலில் மிதுனாவின் பரீட்சை, வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விலை என்று பேச்சு போயிற்று. பிறகு ஹம்சிகா, யாரும் கேட்காமலே, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். வார்டில் மூன்றாவது கட்டிலில் இருந்த பெண் ஒரு விடியலில் இல்லாமல் போனதையும், அந்தக் கட்டிலில் பத்து மணிக்குள் வேறொருவர் வந்து படுத்ததையும் சொன்னாள். தான் செத்தால் மிதுனா தன் சேலைகளை எடுத்து வைத்துக்கொள்வாளா, யாருக்காவது கொடுத்துவிடுவாளா என்று யோசித்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னாள். சாவைவிட, மூச்சு விடக் கஷ்டப்படுவோமோ என்றுதான் பயந்ததாகச் சொன்னாள். இந்த ஸ்கானுக்கும் அதே பயம் என்றாள். ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் அதே பயம் வரும் என்றாள்.

ஒன்றும் ஆகாது என்று சொல்ல நிஷாந்தினியின் வாய் பல தடவை திறந்தது. ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டாள்.

“நீ அப்ப என்ன நினைச்சனி? உள்ளதைச் சொல்லு,” என்றாள் ஹம்சிகா.

நிஷாந்தினி மடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

“நீ செத்துருவன்னு நெனச்சேன். நாள் கூடக் கணக்குப் பண்ணேன். உன் செத்த வீட்டுக்கு எந்தச் சேலை கட்டுறதுன்னும் யோசிச்சு வச்சிருந்தேன்.”

சொல்லி முடித்ததும் அவளுக்குக் காது இரண்டும் சுட்டன. ஹம்சிகா திரும்பி அவளையே பார்த்தாள். அடுத்த எண்ணை அழைத்தார்கள். அது இவர்களுடையது அல்ல.

“எந்தச் சேலை?”

“அந்தச் சாம்பல் கலர். வெள்ளைக் கரை போட்டது.”

“அது உனக்குச் சரிவராது,” என்றாள் ஹம்சிகா. “முகம் செத்துப்போய்த் தெரியும்.”

சிரித்தது யார் முதலில் என்று தெரியவில்லை. சிரித்தார்கள், வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஹம்சிகா அழுதாள். நிஷாந்தினி அவள் முதுகைத் தடவவில்லை, சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தாள். எண்ணை அழைத்தபோது கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஸ்கான் சுத்தமாக வந்தது. அடுத்ததும் அப்படியே.

வைகாசியில் ஒரு ஞாயிறு காலை, வெள்ளவத்தையில் சிவானந்தன் சந்தைக்குப் போயிருந்த நேரம், பெரிய தொலைக்காட்சியில் இருவரும் ஆறாவது படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மிதுனாவும் வந்து தரையில் உட்கார்ந்தாள். பூட்டு வரும் இடத்தில் ஹம்சிகா படத்தை நிறுத்திவிட்டு, ஒரு கம்பியும் கப்பியும் இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்தே திறந்திருக்கலாம், எழுதியவனுக்குப் பொறியியல் தெரியாது என்று பத்து நிமிடம் விளக்கினாள். பிறகு மறுபடி ஓட விட்டாள். மேரன் ஒழுகும் மூட்டின் முன்னால் முழங்காலை மடக்கி உட்காரும் இடம் வந்தது. நிஷாந்தினிக்கு இந்த முறை அழுகை வரவில்லை. திரையைப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் இருந்தவளைத்தான் அதிகம் பார்த்தாள்.

ஹம்சிகா மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொல்லவில்லை. நிஷாந்தினியும் கேட்கவில்லை. பழையபடி புதன்கிழமைகளில் நீதிமன்றம் முடிந்து வெள்ளவத்தைக்குப் போகிறாள். பிளேன்டீ குடிக்கிறார்கள், வேறு படங்களைப் பார்த்துத் திட்டுகிறார்கள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நிஷாந்தினி ஏதாவது நல்லது சொன்னால், உன் முகம் தெளிந்திருக்கிறது என்றோ, மிதுனா பரீட்சையில் கட்டாயம் சித்தியடைவாள் என்றோ சொன்னால், ஹம்சிகா உடனே பதில் சொல்வதில்லை. ஒரு கணம் அவள் முகத்தைப் பார்க்கிறாள். அதன்பிறகுதான் ஏற்றுக்கொள்கிறாள். சில நாட்களில் ஏற்றுக்கொள்வதும் இல்லை.

போன புதன்கிழமை, கண்ணாடி முன்னால் நின்று, முடி இப்போது பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“பின்னாடி இன்னும் சரியா வரல்ல,” என்றாள் நிஷாந்தினி. “ஒரு பக்கம் ஏத்தமா, ஒரு பக்கம் எறக்கமா இருக்கு.”

ஹம்சிகா கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.